ஏடும் களரியும்: வகுப்பறைக்கு வெளியே விளையும் கல்வி

பழைய மாணவர் ஒன்றுகூடும் வேளைகளில் நிகழும் உரையாடலைச் செவிசாய்த்துக் கேட்போர் ஓர் உண்மையை எளிதில் அறிந்துகொள்வர். ஆங்குக் கேத்திரகணிதத் தேற்றங்களைப் பற்றியோ இலக்கண விதிகளைப் பற்றியோ பேசுவார் அரியர். உதைபந்தாட்டப் போட்டியொன்றின் இறுதி நிமிடங்கள், கலைவிழா மேடையிலே கழன்று வீழ்ந்த அரசனின் முடி, விடுதிச் சோற்றின் பதம், சாரணர் பாசறையில் மழையில் நனைந்த இரவு, கல்லூரிச் சஞ்சிகைக்கு விளம்பரம் வேண்டி ஏறியிறங்கிய கடைப்படிகள் ஆகியனவே மீண்டும் மீண்டும் பேச்சில் எழுகின்றன. இதனைக் கேட்கும் இளையோர் சிலர், படித்ததை மறந்து விளையாடியதை நினைக்கின்றனரே என நகைப்பதுமுண்டு. இது நகைத்தற்குரியதன்று, ஆராய்தற்குரியது. தம் தொழிலில் முப்பது ஆண்டு நின்று பழகியவர்கள் இவற்றை மட்டும் மறவாதிருப்பதற்குக் காரணம் யாது? இவ்விழா மலரின் வாயிலாக அவ்வினாவை எடுத்து ஆராய முற்படுகின்றோம்.

கல்லூரி தன் மாணவர்க்கு இருவகைக் கல்வியை வழங்குகின்றது. முதலாவது பாடவிதானத்தில் எழுதப்பட்டது, நேரசூசியில் இடம்பெறுவது, பரீட்சையால் அளக்கப்படுவது. இரண்டாவது, மணி அடித்த பின் தொடங்குவது. எந்த நேரசூசியிலும் முற்றாக அடங்காதது. எந்தப் பரீட்சையும் அளந்து காட்டாதது. முதலாவது இன்றி இரண்டாவது வெறும் ஆரவாரமாய் முடியும். இரண்டாவது இன்றி முதலாவது, ஒருவரை வேலைத்தலத்தின் வாயில்வரை கொண்டுசென்று அங்கே கைவிட்டுவிடும்.

இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை ஒரு சொல்லாற் கூறுக என எம்மைக் கேட்பின், ‘பொறுப்பு’ என்போம். வகுப்பறையில் ஒரு மாணவன் கணக்கைப் பிழையாகச் செய்தால் அவனுடைய புள்ளி குறையும். அருகிலிருப்பவனுக்கு அதனால் நட்டமில்லை. நாடக மேடையில் அவன் தன் வசனத்தை மறந்தால் உடன் நிற்கும் பதின்மருடைய உழைப்பும் குன்றும். தமிழ் மன்றத்தின் தனாதிகாரி பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் தொலைத்தால் மன்றம் முழுவதும் தலைகுனியும். விடுதியின் உணவுக் குழுவிலுள்ளவர் அரிசி வாங்க மறந்தால் நூறுபேர் பசித்திருப்பர். தொழில் என்பதும் இத்தன்மையதே. மருந்து கலவையாளர், வங்கி எழுதுவினைஞர், கிராம உத்தியோகத்தர், பொறியியலாளர், ஆசிரியர் ஆகிய எவரை எடுப்பினும், அவருடைய பிழை அவரோடு நின்றுவிடுவதில்லை. பிறர் நம்மை நம்பியிருக்கின்றனர் என்னும் உணர்வோடு ஒரு கருமத்தைச் செய்து முடிக்கும் பழக்கம், புத்தகத்தைப் படிப்பதால் வருவதன்று. அத்தகைய கருமம் ஒன்றைச் செய்வதால் மட்டுமே வருவது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பர். இப்பழமொழியைப் பிடித்துக்கொண்டு ஏட்டையே இகழ்வாரும் உளர். மட்டக்களப்புப் பகுதியின் கூத்து மரபை அறிந்தோர் அவ்வாறு இகழார். கூத்துக்கும் ஏடுண்டு. ஏடில்லாத கூத்தில்லை, ஏட்டோடு நின்றுவிடும் கூத்துமில்லை. எழுதப்பட்டது களரிக்கு வந்தே ஆகவேண்டும். ஏட்டிற்கும் களரிக்கும் இடையிலுள்ள அந்தத் தூரத்தைக் கடக்கும் வழியைத்தான், வகுப்பறைக்கு வெளியே கிடைக்கும் கல்வி என ஈண்டுக் குறிப்பிடுகின்றோம்.

இக்கட்டுரையை எழுதும் யாம் வாழ்வது களுதாவளையில். மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனைக்குச் செல்லும் பெருவீதியில், கிழக்கே கடலும் மேற்கே வாவியும் அணைசெய்ய அமைந்த ஊர் இது. பிள்ளையார் கோயிலாலும், வெற்றிலை, மரக்கறித் தோட்டங்களாலும் பெயர்பெற்றது. இவ்வூர் அமைந்த எழுவான்கரையிலும், வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலும், பள்ளிக்கூடங்கள் பெருகுவதற்கு முன்னரே இளைஞரைப் பழக்கியெடுத்த கலாசாலையாகக் கூத்துக்களரி விளங்கிற்று.

வடமோடி, தென்மோடி என இருவகைப்படும் அக்கூத்தினைப் பழகும் முறை கவனிக்கத்தக்கது. ஊரவர் கூடிக் கூத்தொன்றை ஆடுவதெனத் தீர்மானித்ததும் அண்ணாவியார் அழைக்கப்படுவார். அவர் இளைஞருடைய குரல், உடல்வாகு, நடை ஆகியவற்றை நோக்கி இன்னார்க்கு இன்ன பாத்திரமென வகுப்பார். பாத்திரத்துக்குரிய பாடல்களையும் வசனங்களையும் பெரியோர் முன்னிலையில் ஒப்படைத்தல் ‘சட்டங் கொடுத்தல்’ எனப்படும். அதனைக் கைநீட்டி வாங்கியவர் பின்வாங்குதல் தகாது. அதன்பின் மாதக்கணக்காக இரவுதோறும் ஆட்டமும் பாட்டும் பழகுவர். பழக்கம் ஒரு நிலைக்கு வந்ததும் காலிற் சதங்கை அணிவிக்கும் சடங்கு நிகழும். தொடக்கம் முதல் முடிவுவரை ஆடிப்பார்க்கும் ‘அடுக்குப் பார்த்தல்’ உண்டு. ஈற்றில் ஊர் கூடியிருக்க அரங்கேற்றம் நிகழும்.

இந்த ஒழுங்கிலே ஓர் இளைஞன் கற்றுக்கொண்டவை எவை? பகலெல்லாம் வயலிலோ தோணியிலோ உழைத்தவன், இரவிற் குறித்த வேளைக்குக் களரிக்கு வரவேண்டும். வாராவிடின் ஏனையோர் காத்திருப்பர். எனவே காலந்தவறாமையைக் கற்றான். அரசன் வேடம் வேண்டுமென்று விரும்பியவனுக்குச் சேவகன் வேடம் கிடைத்தாலும், அவனும் முழுமையாகப் பழகவேண்டும். எனவே சிறிய பங்கையும் செம்மையாகச் செய்யக் கற்றான். மத்தளத்தையும் சல்லரியையும் செவிமடுக்காது தன் விருப்பப்படி ஆட இயலாது; எனவே பிறரைக் கேட்டுத் தன்னை அமைத்துக்கொள்ளக் கற்றான். அண்ணாவியார் எல்லார் முன்னிலையிலும் பிழையை எடுத்துக் கூறுவார். எனவே திருத்தத்தைச் சினமின்றி ஏற்கக் கற்றான். உடுப்புக்கும் வெளிச்சத்துக்கும் பந்தலுக்கும் ஆன செலவு ஊர்ப்பணம். எனவே பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பதையும் கண்டறிந்தான். இவற்றுக்கு எவரும் தொழிற்பயிற்சி எனப் பெயரிட்டதில்லை. ஆயினும் இன்று ஊழியரைத் தேடும் நிறுவனங்கள் எவ்வியல்புகளை வேண்டுமெனக் கேட்கின்றனவோ, அவற்றுட் பல இப்பட்டியலில் அடங்கியிருத்தலை வாசகர் காண்பர்.

கிராமத்துக்குரியதாயிருந்த இப்பழக்கம் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சென்றபோது நிகழ்ந்தது யாது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே தக்க சான்றுண்டு. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 ஆம் ஆண்டு கொழும்பில் நிறுவப்பட்டுப் பின்னர் பேராதனைக்குப் பெயர்ந்தது. அங்குத் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய க. கணபதிப்பிள்ளை அவர்கள், மாணவர் நடித்தற்கென்றே நாடகங்களை யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் எழுதிக்கொடுத்தார். 1956 ஆம் ஆண்டில் எதிரிவீர சரச்சந்திர அவர்கள் பழைய நாடகம மரபைத் தழுவிப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு ‘மனமே’ என்னும் சிங்கள நாடகத்தை அரங்கேற்றினார். நாட்டார் மரபு பயின்ற முதியவரிடம் பட்டதாரி மாணவர் பாடங் கேட்டால் எத்துணைச் சிறந்த பயன் விளையும் என்பதை அந்நாடகம் நாட்டுக்குக் காட்டிற்று.

தமிழிலும் அத்தகைய முயற்சியை மேற்கொண்டவர் சு. வித்தியானந்தன் அவர்கள். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், ஊர்தோறும் சென்று கூத்துக்களைக் கண்டார். கூத்து ஏடுகளைப் பதிப்பித்தார். 1960களில் பேராதனை மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றினார். விடியவிடிய வட்டக்களரியில் நிகழ்ந்த ஆட்டம் ஓரிரு மணி நேரத்துள் அடங்குமாறு சுருக்கப்பட்டு, ஒருபுறம் மட்டும் திறந்த மேடைக்கேற்ப அமைக்கப்பட்டது. மாணவர்க்கு ஆட்டம் பழக்கும் பொருட்டு மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் அழைக்கப்பட்டார். பட்டம் பெறாத அண்ணாவியார் ஆசானாகவும், பட்டம் பெறவிருக்கும் இளைஞர் அவர்தம் மாணாக்கராகவும் நின்ற அக்காட்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறிவு விரிவுரை மண்டபத்தில் மட்டும் உறைவதன்று என்பதை நூறு சொற்பொழிவுகளால் உணர்த்துவதிலும், அந்த ஒரு பழக்கம் நன்கு உணர்த்தியிருக்கும்.

அவ்வாறு ஆடிய மாணவருள் ஒருவர் சி. மௌனகுரு அவர்கள். மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த அவர் வந்தாறுமூலை மத்திய கல்லூரியிற் பயின்றவர். பேராதனை மேடையிற் கர்ணனாகவும் இராவணனாகவும் ஆடியவர். ஆட்டத்துக்காக அவருடைய பட்டச் சான்றிதழில் ஒரு புள்ளியும் சேர்ந்திராது. ஆயினும் பிற்காலத்தில் அவருடைய வாழ்க்கைத் தொழிலாக அமைந்தது அவ்வாட்டத்தினின்றும் கிளைத்ததே. ஆசிரியப் பணி புரிந்த அவர், மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர்க் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறைப் பேராசிரியராயினார். அப்பல்கலைக்கழகம் 1981 ஆம் ஆண்டு மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இற் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் இருக்கை வந்தாறுமூலை. தாம் மாணவனாய்த் திரிந்த ஊரிலேயே பேராசிரியராய் நின்று, தாம் இளமையில் ஆடிய ‘இராவணேசனை’ப் புதிய தலைமுறைக்கு அவர் பழக்கினார். ஏட்டிலிருந்து களரிக்கும், களரியிலிருந்து மீண்டும் ஏட்டுக்குமாகச் சென்ற வாழ்வு அது.

கா. சிவத்தம்பி அவர்களையும் இவ்விடத்து நினைவுகூர்தல் பொருந்தும். பல்கலைக்கழக மாணவராயிருந்த காலத்தில் மேடையிலும் வானொலியிலும் நடித்தவர் அவர். நடிப்பு அவருக்கு உண்டியும் உடையும் தரவில்லை. எனினும் அவர் சிலகாலம் நாடாளுமன்றத்தில் உடனிகழ் மொழிபெயர்ப்பாளராகக் கடமையாற்றினார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கருத்தை மற்றொரு மொழியில் தடையின்றிச் சொல்லும் அத்தொழிலுக்கு, செவியின் கூர்மையும் குரலின் கட்டுப்பாடும் இன்றியமையாதன. மேடைப்பழக்கம் அவற்றுக்கு உதவாதிருந்திராது. பின்னர் இங்கிலாந்து சென்று பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்துக்காக அவர் ஆராய்ந்த பொருள் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்பதாகும். மாலைப் பொழுதில் மகிழ்ச்சிக்காகச் செய்த ஒன்று, ஆராய்ச்சியின் வாயிலை அவருக்குத் திறந்துவிட்டது.

மேடையை மட்டும் எடுத்துக்காட்டினோம் என எவரும் கருதற்க. வகுப்பறைக்கு வெளியே கற்றது வாழ்க்கைத் தொழிலாய் மலர்ந்தமைக்கு, இவ்வாவிக்கரை நாடு தந்த மாபெருஞ் சான்று சுவாமி விபுலாநந்தரே. 1892 ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த அவர், கல்முனையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கில மூலம் பயின்றார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்றார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் எய்தினார். பரீட்சைகள் காட்டும் வழியே சென்றிருப்பின் அவர் விஞ்ஞான ஆசிரியராகவே அமைந்திருப்பார். ஆனால் அவ்வகுப்பறைகளுக்கு வெளியே, பெரியோரிடம் பாடங்கேட்டும் தாமே பயின்றும் தமிழ் கற்று, 1916 ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் அவர் தேறினார். 1931 ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அவரைத் தமிழ்ப் பேராசிரியராய் இருத்தியது அந்த வெளிக்கல்வியே. 1947 ஆம் ஆண்டு அரங்கேறிய ‘யாழ் நூல்’ இன்னும் ஒருபடி மேலே சென்று காட்டுகின்றது. வகுப்பறையிற் கற்ற பௌதிகமும் கணிதமும், வெளியே கற்ற தமிழும் இசையும் ஒருவரிடத்தே சந்தித்தாலன்றி அந்நூல் பிறந்திராது. இருவகைக் கல்வியும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இப்பெரியோரின் வரலாற்றைக் கூறக்கேட்ட மாணவர், நாமும் ஆடினால் பேராசிரியராவோமோ என வினவலாம். நேர்மையான விடை, பெரும்பாலோர் ஆகார் என்பதே. பேராதனையில் ஆடிய அனைவரும் பேராசிரியராகவில்லை, ஆகவேண்டிய தேவையுமில்லை. மேடையோ மைதானமோ வேலைகளைப் படைத்துத் தருவதில்லை என்பதையும் ஒளிவின்றிக் கூறுதல் கடன். 2017 ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலே வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரத்தில் அமர்ந்து நாள் பல சத்தியாக்கிரகம் செய்ததை நாம் கண்டோம். அவர்களுட் பேச்சுப் போட்டியில் வென்றோரும் விளையாட்டு வீரரும் இருந்திருப்பர். வேலையின்மை நாட்டின் பொருளாதாரத்தோடு தொடர்புடைய நோய். அதற்கு இலக்கிய மன்றம் மருந்தாகாது. எனினும் வேலை கிடைத்தபோது அதில் நிலைத்து நிற்கவும், கிடையாதபோது தாமே ஒரு தொழிலைத் தொடங்கத் துணியவும் வேண்டிய பழக்கங்களை அது விதைக்கின்றது. அவ்வளவே எம் துணிபு. அதற்கு மேல் யாம் கூறோம்.

இத்துணிபு எமக்கு நூல்களால் மட்டும் வந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் உளர். தந்தையார் வெற்றிலைத் தோட்டம் செய்பவர். விடியுமுன் தோட்டத்துக்கு நீர் வார்த்துவிட்டே அவர் பாடசாலைக்கு வருவார். முதலிரு பாடங்களிற் கண்கள் செருகும். கட்டுரையில் எழுத்துப்பிழை மலிந்திருக்கும். ஆசிரியர் கூடத்தில் அவரைப் பற்றி நம்பிக்கையோடு பேசுவார் எவருமிலர். அவ்வாண்டு தமிழ் மன்றத்துக்குத் தனாதிகாரி தேர்ந்தபோது, மாணவர் தாமே அவர் பெயரை முன்மொழிந்தனர். ஏனெனச் சிலர் வியந்தனர். மாணவர்க்குக் காரணம் தெரிந்திருந்தது: சந்தையில் அவரைக் கண்டவர்கள் அவர்கள்.

கலைவிழா வந்தது. பந்தற்காரர், ஒலிபெருக்கிக்காரர், உடுப்பு வாடகைக்குக் கொடுப்பவர் ஆகிய மூவரிடமும் அம்மாணவர் தாமே சென்று விலை பேசினார். முற்பணம் எவ்வளவு, மீதி எப்போது என்பதை எழுதி வாங்கினார். செலவழித்த ஒவ்வொரு ரூபாவுக்கும் சீட்டு வைத்திருந்தார். வெற்றிலையை எண்ணி அடுக்கிப் பழகிய கை, காசையும் அவ்வாறே எண்ணி அடுக்கிற்று. விழா முடிந்தபின் கணக்கறிக்கையைக் கூட்டத்தில் வாசிக்கவேண்டும். எல்லார் முன்னிலையிலும் வாசிப்பதாயிற்றே என்று, அவ்வறிக்கையை நான்கு முறை திருத்தி எழுதினார். எழுத்துப்பிழைகளைக் காட்டுமாறு தாமே எம்மிடம் வந்தார். எம் சிவப்பு மையால் இரண்டு ஆண்டுகள் செய்ய இயலாததை அந்த ஓர் அறிக்கை செய்தது. அவர் பல்கலைக்கழகம் புகவில்லை. இன்று மரக்கறி மொத்த வியாபாரம் நடத்தி நால்வருக்கு வேலை கொடுக்கின்றார். அவருடைய கணக்குப் புத்தகத்தைக் கண்டோர் அதன் ஒழுங்கை மெச்சுவர்.

இந்நிகழ்ச்சியினின்றும் இரு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று: வீட்டிலும் தோட்டத்திலும் கடலிலும் பிள்ளைகள் கற்றுக்கொண்டு வரும் திறமைகள் உள, வகுப்பறை அவற்றைக் காணாது, மன்றமும் மைதானமும் காணும். மற்றொன்று: அம்மாணவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு மெய்யானது. காசு மெய், கடன் மெய், தவறியிருப்பின் வெட்கமும் மெய்யாகவே இருந்திருக்கும்.

இவ்விரண்டாம் உண்மையைச் சற்று விரித்தல் வேண்டும். ஏனெனில் வகுப்பறைக்கு வெளியே நிகழ்வனவெல்லாம் கல்வியாகிவிடா. நம் பாடசாலைகளில் மன்றங்களுக்குக் குறைவில்லை; தலைவர், காரியதரிசி, தனாதிகாரி என்னும் பெயர்களுக்கும் குறைவில்லை. ஆயின் பலவிடங்களில் அழைப்பிதழை எழுதுபவர் ஆசிரியர்; பணத்தை வைத்திருப்பவர் ஆசிரியர்; நிகழ்ச்சி நிரலை வகுப்பவரும் ஆசிரியர். மாணவத் தலைவர் மாலை அணிந்து நிழற்படத்துக்கு நிற்பதோடு அவர் கடமை முடிகின்றது. பிற்காலத்தில் விண்ணப்பப் பத்திரத்தோடு இணைத்தற்கெனச் சான்றிதழ் சேர்ப்போரும் உளர். பத்து மன்றங்களில் உறுப்பினராயிருந்து ஒன்றிலும் ஒரு கதிரையைத்தானும் தூக்கி வைத்திராதவர் அவர். இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காயினும் தாழ்ந்தன.

பயன் விளையவேண்டுமாயின் மூன்று நியதிகள் கைக்கொள்ளப்படல் வேண்டும். முதலாவது, பொறுப்பு மெய்யாயிருத்தல்; அஃதாவது, மாணவர் செய்யாவிடின் அக்கருமம் நடவாது என்னும் நிலை. இரண்டாவது, அருகில் ஓர் அண்ணாவியார் இருத்தல். அவர் ஆடிக்காட்டுவார், ஆனால் அரங்கேற்ற நாளில் ஆடுபவர் அவரல்லர். பிழை நேருமிடத்துத் திருத்துவார்; பிழை நேருமே என அஞ்சித் தாமே செய்துவிடார். மூன்றாவது, முடிந்த பின் திரும்பிப் பார்த்தல். விழா முடிந்த மறுநாள் எது நன்றாய் அமைந்தது, எது கெட்டது, அடுத்த முறை எவ்வாறு செய்வது என்பதைக் கூடியிருந்து பேசி எழுதி வைத்தால்தான் நிகழ்ந்தது பாடமாகும். அமெரிக்கக் கல்வியறிஞர் ஜோன் டூயி, 1938 ஆம் ஆண்டில் அனுபவத்தையும் கல்வியையும் பற்றி எழுதிய நூலிலே, அனுபவங்கள் யாவும் ஒரே தரமான கல்வியைத் தருவன அல்ல என வற்புறுத்தினார். ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் இதனைப் பரீட்சைக்காகப் படித்தோம். அங்கே விடுதி உணவுக் குழுவிற் கடமையாற்றிய தவணையிலேதான் அதன் பொருள் எமக்கு விளங்கிற்று.

இனி, இன்றுள்ள இடர்ப்பாட்டைக் கூறுவோம். தரம் பத்தை எட்டியதும் நம் பிள்ளைகளின் மாலைப் பொழுதுகள் தனியார் வகுப்புகளுக்கு உரியனவாகிவிடுகின்றன. சனியும் ஞாயிறும் அவ்வாறே. நாடகப் பழக்கத்துக்குப் பெயர் கொடுத்த பிள்ளையை விடுவிக்குமாறு கேட்டுப் பெற்றோர் பாடசாலைக்கு வருகின்றனர். அவர்களைக் குறைகூறல் ஆகாது. உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோருள் ஒரு பகுதியினர்க்கே இடம் கிடைக்கின்றது. வெட்டுப்புள்ளிக்குச் சிறிது குறைந்தாலும் வாயில் அடைபட்டுவிடும். விளையாட்டு, கலை முதலியவற்றில் உயர்ந்த தேர்ச்சி பெற்றோர்க்குச் சிறிய விசேட அனுமதி உண்டாயினும் அது மிகச் சிலர்க்கே பயன்படும். பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணும் தாய் வேறு யாது செய்வாள்?

அத்தாய்க்கு எம் விடை இது: அம்மா, தனியார் வகுப்பை நிறுத்துமாறு யாம் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரமும், ஆண்டில் ஒரு பொறுப்பும் கேட்கின்றோம். ஒரு பிள்ளைக்கு ஓர் ஆண்டில் ஒன்றே போதும், பத்து வேண்டா. அதனால் அவனது புள்ளி குறையுமென அஞ்சுதல் இயல்பே. குறித்த வேளைக்கு ஒரு கருமத்தை முடிக்கப் பழகிய பிள்ளை, தன் படிப்பையும் வகுத்துக்கொள்ளப் பழகுவான். மேலும் பரீட்சை பதினெட்டு, பத்தொன்பது வயதோடு முடிவது. அதன்பின் நாற்பது ஆண்டுக் காலம் அவன் மேலதிகாரியோடும், உடன் வேலை செய்வாரோடும், தன்னை நாடிவரும் ஏழையோடும் பேசிப் பழகி வாழவேண்டும். அந்த நாற்பது ஆண்டுக்கும் எங்கே ஆயத்தம் செய்வது?

பெண்பிள்ளைகளின் பொருட்டு ஒரு சொல் தனியே கூறவேண்டும். பழைய களரியிலே பெண்பாத்திரங்களையும் ஆடவரே ஆடினர். இன்று மாணவியர் ஆடுகின்றனர், பாடுகின்றனர், மத்தளமும் கொட்டுகின்றனர். ‘நாடகமும் அரங்கியலும்’ பாடசாலைப் பாடமாயிற்று. கல்லடியிலே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நடனமும் இசையும் நாடகமும் பட்டப்படிப்புகளாயின. வெளியே நின்றது உள்ளே வந்து, பலர்க்கு ஆசிரியத் தொழிலும் தந்துள்ளது. ஆயினும் பொழுது சாய்ந்தபின் பழக்கத்துக்கு நிற்க மாணவியர்க்கு வீடுகள் இணங்குவதில்லை. பழக்கத்தைப் பாடசாலை நேரத்தோடு ஒட்டி வைத்து, வீடு சேர்க்கும் ஒழுங்கையும் செய்யும் கடன் பாடசாலையுடையது. அதனைச் செய்யாது, மாணவியர்க்கு ஆர்வமில்லை என்று கூறுதல் முறையன்று.

இம்மலரைக் கையிலேந்தும் மூவகையினர்க்கும் எம் வேண்டுகோள்கள் சிலவுண்டு. மாணவச் செல்வங்களே, தலைமைப் பதவியைத் தேடாதீர், வேலையைத் தேடுங்கள். கதிரை அடுக்குபவருக்குத் தெரியும் விழாவின் உண்மை, மாலை அணிபவருக்குத் தெரியாது. உங்களுக்குப் பிடித்த ஒன்றில் முழு ஆண்டு நில்லுங்கள், இடையில் விட்டுவிடாதீர்கள்.

உடனாசிரியப் பெருமக்களே, பாடத்தை முடிக்கவேண்டிய நெருக்கடியை யாமும் அறிவோம். எனினும் மன்றத்தின் கணக்குப் புத்தகத்தையும் அழைப்பிதழையும் மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள். அழைப்பிதழில் ஓர் எழுத்துப்பிழை நேரின் நம் தமிழுக்கு அழிவு வந்துவிடாது. அச்சான பின் அப்பிழையைத் தாமே கண்ட மாணவர் அதனை வாழ்நாளில் மறவார். வகுப்பிற் பின்வரிசையில் இருப்போரையும் தேடிப் பொறுப்பளியுங்கள். அவர்களுட் சந்தையறிந்தவரும் கடலறிந்தவரும் இருப்பர்.

பழைய மாணவப் பெரியோர்களே, கல்லூரிக்கு மண்டபமும் மதிலும் நீங்கள் கட்டித் தருகின்றீர்கள், அது போற்றற்குரியது. அதனோடு இன்னுமொன்றையும் தாருங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் மாணவரிடையே வந்திருந்து, உங்கள் தொழிலில் உங்களுக்குக் கைகொடுத்தது எது, அதனை இக்கல்லூரியின் எந்த மூலையில் கற்றீர்கள் என்பதை எடுத்துரையுங்கள். மருத்துவர் மட்டும் வரவேண்டுமென்பதில்லை. கடை வைத்திருப்பவரும் பேருந்து ஓட்டுபவரும் தோட்டஞ் செய்பவரும் வருக. விடுமுறைக் காலத்தில் இரு வாரமாவது ஒரு மாணவரை உங்கள் அலுவலகத்திலோ பட்டறையிலோ உடனிருத்தி வேலை பழக்குங்கள். அதற்குப் பெருஞ்செலவில்லை, மனம் ஒன்றே வேண்டும்.

ஊரிலே அண்ணாவியார் ஒருவர் முதுமையெய்தி மறையும்போது, அவர் பழக்கிய கூத்து அவரோடு போய்விடுவதில்லை. சட்டம் வாங்கியவர் உயிரோடிருக்கும்வரை அது நிற்கும். கல்லூரிக்கும் அவ்வாறே. இங்கே பொறுப்பேற்றுப் பழகியவர் எங்கெங்கே கடமை புரிகின்றனரோ அங்கெல்லாம் இக்கல்லூரி நிற்கின்றது. அடுத்த ஜூபிலி மலரைப் படைக்கவிருப்போர் இன்று கீழ்வகுப்புகளில் இருக்கின்றனர். அவர்கள் கையில் மெய்யான பொறுப்பு ஒன்றை ஒப்படைக்க இவ்வாண்டே தொடங்குவோமாக. கல்லூரி வாழ்க, அதன் மாணவர் ஏட்டிலும் களரியிலும் ஒருங்கே சிறந்து விளங்குக.